வால் எழுத்து

படத்துக்குக் கீழே ஒரே ஒரு வார்த்தை இருந்தால் போதும் என்றான் அண்ணன். அந்த ஒரு வார்த்தையும் ‘போதும்’ என்பதுதான். அச்சகக்காரருக்கு நம்பிக்கை வரவில்லை. பெயர் வேண்டாமா, தேதி வேண்டாமா, அன்பு மகன் அன்பு மகள் என்று ஏதாவது வேண்டாமா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஒன்றும் வேண்டாம், அம்மா கடைசியாகச் சொன்னது அதுதான், அதைவிடப் பெரிய வார்த்தை யாருக்கு வாய்க்கும் என்றான் அண்ணன். தங்கை சின்னவள் பக்கத்தில் நின்று தலையாட்டினாள். அண்ணனைவிட அவளுக்குத்தான் அந்த வார்த்தை அதிகம் தேவைப்பட்டது. அதைப் பிடித்துக்கொண்டுதான் அம்மா போனதிலிருந்து அவள் தூங்கி எழுந்துகொண்டிருந்தாள்.

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சும் அடியோடு போய்விட்டது என்றுதான் முதலில் நினைத்தார்கள். பிறகு பார்த்தால் ஒரே ஒரு சொல் எப்படியோ தப்பித்து நாக்கில் ஒட்டிக்கொண்டிருந்தது. கோணிப்போன வாயின் ஓரத்திலிருந்து, காற்றும் எச்சிலுமாக, ‘போதும்’. சின்னவள் கஞ்சி கரைத்து ஊட்டுவாள். இரண்டு வாய் இறங்கும். உடனே அம்மா இடது கையைத் தூக்கி, மணிக்கட்டை வெளிப்பக்கமாகத் திருப்பி, ‘போதும்’ என்பாள். கிண்ணத்தைத் தள்ளிவிடுகிறாள், பிடிவாதக்காரி, சாகிற வயதிலும் குணம் மாறவில்லை என்று சின்னவள் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். அம்மாவின் கண் கிண்ணத்தோடு கூடவே கதவு வரைக்கும் வரும்.

“எல்லாத்துக்கும் இதே வார்த்தையத்தான் சொல்றாங்க” என்று ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருநாள் போகிற போக்கில் சொன்னாள். “ஊசி போட்டாலும் போதும், ஜன்னலத் தொறந்தாலும் போதும்.”

“வாழ்க்கையே போதும்னு ஆயிடுச்சு அம்மாவுக்கு” என்றான் அண்ணன். நர்ஸ் அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

உடம்பு வற்றிக்கொண்டே வந்தது. மூக்கு வழியாகக் குழாய் போட்டால் ஆகாரம் உள்ளே போகும், போடாவிட்டால் தாங்காது, யோசித்துச் சொல்லுங்கள் என்றார் டாக்டர். நல்ல மனுஷர். அம்மாவிடமும் கேட்க வேண்டும் என்று நினைத்தார். குனிந்து, காதருகே, “என்னம்மா, குழாய் போட்டுடலாமா?” என்றார்.

அம்மா அவரை நிமிர்ந்து பார்த்தாள். இடது கை எழுந்தது. மணிக்கட்டு திரும்பியது. ‘போதும்.’

“கேட்டீங்கல்ல டாக்டர், அவங்களே சொல்லிட்டாங்க” என்றான் அண்ணன். டாக்டர் சின்னவளைப் பார்த்தார். “ஆமா டாக்டர்” என்றாள் அவளும். குழாய் போடவில்லை. வீட்டுக்குக் கூட்டி வந்தார்கள். இரண்டு வாய் ஒரு வாயானது, ஒரு வாய் நனைத்த பஞ்சானது, அப்புறம் அதுவும் தேவைப்படவில்லை.

இதில் ஒரு கொடுமை இருக்கிறது. சின்னவளின் பிழைப்பே வார்த்தைகளின் வாலைப் பிடிப்பதுதான். பேருந்து நிலையத்தில் மைக் முன்னால் உட்கார்ந்து அறிவிப்புச் சொல்பவள் அவள். அங்கே இருக்கிற ஒலிபெருக்கிகள் எந்தக் காலத்தில் மாட்டியவையோ, ஒவ்வொரு வாக்கியத்தின் நுனியையும் தின்றுவிடும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், இன்ன வண்டி இந்த நடைமேடையில் ‘நிற்காது’ என்று அறிவித்தாள். காதில் விழுந்தது ‘நிற்’ மட்டும். மிச்சத்தை ஜனங்கள் அவரவர் இஷ்டத்துக்கு முடித்துக்கொண்டு, நிற்கும் என்று மூட்டை முடிச்சோடு நின்றார்கள். வண்டி அவர்களுக்கு முன்னாலேயே ஊர்ந்து போனது. நிலைய அதிகாரி அவளைக் காய்ச்சி எடுத்துவிட்டார். நம்ம பாஷையில சங்கதியெல்லாம் வால் எழுத்துலதாம்மா இருக்கு, அதக் கோட்டை விட்டுட்டா நீ பேசி என்ன, பேசாட்டி என்ன என்று கத்தினார். அன்றிலிருந்து கடைசி எழுத்தை இழுத்து, அழுத்தி, நிறுத்திச் சொல்வாள். வீட்டில்கூட அப்படியே பேசிப் பேசி, அண்ணன் பிள்ளைகள் அவளுக்கு ‘அறிவிப்பு அத்தை’ என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

ஒரு வாடகைக் கூடத்தில் நினைவுக் கூட்டம் வைத்தான் அண்ணன். அம்மாவுக்கு உருப்படியாக ஒரு படம்கூட இல்லை. அவள் வேலை பார்த்த ஆலையின் அடையாள அட்டையில் இருந்ததைப் பெரிதாக்கி மாட்டியிருந்தார்கள். யாரோ காலை மிதித்துவிட்ட மாதிரி முறைத்துக்கொண்டிருந்தாள். கீழே, தங்க எழுத்தில், அந்த வார்த்தை.

செத்தவர்களைப் புகழ்வதற்கு நம் ஆட்களுக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்? அம்மாவைப் பார்த்தாலே எதிர்ப்பக்கம் கடந்து போகிற பக்கத்து வீட்டுக்காரர், அவங்க வாயிலேர்ந்து ஒரு கடுஞ்சொல் வந்ததில்ல என்று கூசாமல் சொன்னார். அம்மாவின் கடுஞ்சொற்களில் பாதியை வாங்கிக்கட்டிக்கொண்டவரே அவர்தான். பெரிய மாமா எழுந்து, அன்னலட்சுமி மாதிரி பிள்ளைகளுக்கு ஊட்டி ஊட்டி வளர்த்தாள் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். சின்னவளும் அண்ணனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

ஊட்டுவதா? அம்மா வீட்டில் கரண்டியைத் தொட்டதே இல்லை. ஆலைக் கேன்டீனில் பரிமாறுகிற வேலை அவளுக்கு. ஷிப்ட் முடிந்து வரும்போது கொதிக்கிற குழம்பு தெறித்துத் தெறித்து இடது முன்கை பொரிந்துபோயிருக்கும். இடது கைக்காரி. வந்ததும் சோற்றை வடிப்பாள், மூடியைக் கவிழ்ப்பாள், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிடுவாள். பிள்ளைகள் போய் நின்றால், திரும்பாமலே, “நீயே போட்டுக்கோ” என்பாள். அவ்வளவுதான் அந்த வீட்டுப் பாசம். மற்ற பிள்ளைகளின் அம்மாக்கள் இன்னும் கொஞ்சம், இன்னும் ஒரே ஒரு வாய் என்று தட்டோடு துரத்துவதைச் சின்னவள் வேடிக்கை பார்த்திருக்கிறாள். அவளை யாரும் அப்படித் துரத்தியதில்லை. அந்த ஏக்கம் நரை வந்த பிறகும் அவளுக்குத் தீரவில்லை. அம்மாவைக் கடைசியில் தன் கையால் ஊட்டிப் பார்த்துக்கொண்டதில்கூட, பார்த்தாயா, உனக்குத் தெரியாதது எனக்குத் தெரியும் என்கிற வீம்பு கொஞ்சம் இருந்தது.

பேச்செல்லாம் ஓய்கிற நேரத்தில் ஒரு பருத்த கிழவி மூச்சு வாங்க உள்ளே வந்தாள். கேன்டீனில் பாத்திரம் கழுவியவள். டீயை டம்ளரில் குடிக்காமல் ஜக்கில் குடித்ததால் ஆலை முழுக்க அவளுக்கு டேங்கர் என்று பெயர். “என்னய யாரும் கூப்பிடல, நானாத்தான் வந்தேன்” என்று சொல்லிவிட்டு, யாரும் கேட்பதற்கு முன்னால் மைக்கைப் பிடுங்கிக்கொண்டாள்.

“இவளுக்கு அங்க என்ன பேரு தெரியுமா உங்களுக்கு? போதுமாக்கா!”

பிள்ளைகளுக்குத் தெரியாது. அம்மா ஆலைக் கதையை வீட்டில் பேசினதில்லை.

“ஒருத்தன் தட்ட நீட்டினான்னா இவ போட ஆரம்பிப்பா. போட்டுக்கிட்டே இருப்பா. ‘போதுமா?’ன்னு கேப்பா. அவன் வாயத் தொறந்து போதும்னு சொல்ற வரைக்கும் கரண்டி நிக்காது. தலையாட்டினா ஒத்துக்க மாட்டா, கைய மறைச்சா ஒத்துக்க மாட்டா. வாயால சொல்லணும். சூப்பர்வைசர் வந்து கத்துவான். இவ ‘அவன் பசி எனக்கெப்படித் தெரியும், அவன்தான் சொல்லணும்’ம்பா. புதுப் பையன் ஒருத்தன், கூச்சத்துல வாயே தொறக்கல. தட்டு நெறஞ்சு மேசையெல்லாம் வழிஞ்சிடுச்சு!”

கூடம் சிரித்தது. டேங்கருக்கு உற்சாகம் வந்துவிட்டது. இல்லாத கரண்டியை இடது கையில் பிடித்துக்கொண்டாள். மணிக்கட்டை வெளிப்பக்கமாகக் கவிழ்த்தாள். தாடையை வெடுக்கென்று மேலே தூக்கினாள். “போது... மா?” என்றாள், அம்மாவின் அதே கட்டைக் குரலில். அப்படி அப்படியே இருந்தது. பின்வரிசையில் இருந்த ஆலைக்காரர் இருவர் கைதட்டினார்கள்.

சின்னவளும் சிரித்தாள். சிரிப்பு முடிவதற்குள் அந்தக் கையை எங்கோ பார்த்திருக்கிறோமே என்று தோன்றியது. எங்கே என்று மனசு தேடப் போகவில்லை. போக வேண்டாம் என்று அதைப் பிடித்து வைத்துக்கொண்டாள்.

அதற்குள் அண்ணன் விளக்கை அணைத்துவிட்டான். அம்மாவின் கடைசி வார்த்தையை எல்லாரும் கேட்க வேண்டும் என்று, போனில் எடுத்து வைத்திருந்த படத்தைச் சுவரில் ஓடவிட்டான். சுவர் உயரத்துக்கு அம்மா. கட்டில், தலையணை, ஒட்டிய கன்னம். ஓரத்தில் சின்னவளின் கையும் ஸ்பூனும் தெரிந்தன. ஒரு வாய். இன்னொரு வாய். அம்மாவின் இடது கை எழுந்தது. விரல்கள் காற்றில் எதையோ பிடித்தபடி மடங்கியிருந்தன. மணிக்கட்டு வெளிப்பக்கமாகக் கவிழ்ந்தது. ‘போதும்.’ தாடை வெடுக்கென்று மேலே போனது. வாய் ஒரு கணம் திறந்தபடியே நின்றது. அதிலிருந்து சத்தம் வரவில்லை. மூச்சுத்தான் வந்தது.

ஒரே ஒரு எழுத்து. அதைச் சொல்லக் காற்று பத்தவில்லை.

சின்னவளுக்கு இப்போது தெரிந்தது. அம்மா எதையும் தள்ளிவிடவில்லை. அம்மா பரிமாறிக்கொண்டிருந்தாள். எதிரே ஒரு முகமும் ஒரு கிண்ணமும் தெரிந்ததும், நாக்கில் மிச்சமிருந்த ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறாள். ஊசி போட்ட நர்ஸிடம் கேட்டிருக்கிறாள். குழாய் போடலாமா என்று குனிந்த டாக்டரிடமும் அதையேதான் கேட்டிருக்கிறாள். குழாய் வேண்டும் என்றும் அவள் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வாழ்நாளெல்லாம் தன் பெண்ணிடம் கேட்காததை, சாகப்போகிற நேரத்தில், வேளைக்கு வேளை, கரண்டி இல்லாத கையோடு கேட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தடவையும் அந்தப் பெண் பதில் சொல்லாமல், அம்மாவின் சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்து போய்விட்டாள். பசியோடு விட்டுவிட்டுப் போய்விட்டாள்.

சுவரில் சின்னவளின் கை கிண்ணத்தை எடுத்தது. அம்மாவின் கண் அதன் கூடவே நகர்ந்தது. அண்ணன் படத்தை அங்கே நிறுத்தினான்.

“என்ன ஒரு நிறைவு பாருங்க” என்றார் பெரிய மாமா இருட்டுக்குள்.

விளக்கு வந்தது. சின்னவள் டேங்கரைத் தேடினாள். அவளும் கண்டுபிடித்துவிட்டாளோ என்று பயமாக இருந்தது. டேங்கர் முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். அவளுக்கு எதுவும் தோன்றவில்லை. தோழியைச் சுவரில் பார்த்து அழுதாள், அவ்வளவுதான்.

அண்ணன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். கண் சிவந்திருந்தது. “குழாய் விஷயத்துல எனக்கு உள்ளுக்குள்ள ஒரு உறுத்தல் இருந்துச்சு” என்றான் மெதுவாக. “இன்னிக்கு மறுபடி பாத்தப்பதான் மனசு ஆறுச்சு. நாம சரியாத்தான் செஞ்சோம், இல்ல?”

சொல்லிவிடலாம். ஒரே எழுத்துத்தான். சொன்னால் அவனும் இனித் தூங்க மாட்டான். தனியாகக் கிடந்து சாவதைவிட ரெண்டு பேராகக் கிடந்து சாகலாமே என்று ஒரு கணம் ஆசையாகக்கூட இருந்தது. அண்ணன் முகத்தைப் பார்த்தாள். ஆலைச் சங்கு ஊதின பிறகும் அம்மா வராத நாட்களில், அவன்தான் அவளுக்குச் சோறு போட்டுக் கொடுத்தான்.

“சரியாத்தான் செஞ்சோம்ணா” என்றாள். பழக்கதோஷம், கடைசி எழுத்தைத் தெளிவாக இழுத்துச் சொன்னாள்.

சாப்பாட்டுக்கு மேசை போட்டார்கள். டேங்கர் உட்கார மறுத்துவிட்டாள். போதுமாக்காவுக்காக நானே கடைசியாப் பரிமாறிட்டுப் போறேன், விடுங்க என்று குண்டானையும் கரண்டியையும் வாங்கிக்கொண்டாள். வரிசையாகப் போட்டுக்கொண்டே வந்தாள். ஒவ்வொருவரிடமும் தாடையைத் தூக்கி, “போதுமா?” என்றாள். அவர்களும் விளையாட்டுக்கு, பள்ளிப் பிள்ளைகள் மாதிரி, போதும்க்கா, போதும்க்கா என்று சத்தமாகச் சொன்னார்கள்.

சின்னவளின் தட்டுக்கு வந்தாள். ஒரு கரண்டி விழுந்தது.

“போதுமா?”

சின்னவள் வாயைத் திறந்தாள். ஒலிபெருக்கி வழியாக ஊருக்கே சொல்கிற வாய். ஒன்றும் வரவில்லை.

“சொன்னாத்தான் நிக்கும், தெரியுமில்ல” என்று டேங்கர் சிரித்தாள். இன்னொரு கரண்டி. “போதுமா?” இன்னொன்று. தட்டு நிறைந்தது. விளிம்பைத் தாண்டியது. குழம்பு மேசையில் இறங்கி மடியில் சொட்டியது. பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சின்னவள் தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். நிறுத்தாமல் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும் போலிருந்தது அவளுக்கு. இந்தக் கேள்விக்குத்தான் அவள் பிறந்ததிலிருந்து காத்துக்கிடந்தாள்.

எதிர்ப்பக்கத்திலிருந்து அண்ணன் கையை நீட்டித் தட்டை மறைத்தான்.

“விடுங்கக்கா, அவளால முடியல” என்றான். “போதும், அவளுக்குப் போதும்.”

வார்த்தை வந்துவிட்டது. டேங்கர் கரண்டியை எடுத்துக்கொண்டு அடுத்த தட்டுக்குப் போனாள். சின்னவளின் கண் அந்தக் கரண்டியோடு கூடவே போனது.