பெரிய கண் வலை

ஆய்வுக்கூடத்தில் அவரைக் கூனி சார் என்றுதான் கூப்பிடுவார்கள். முதுகெல்லாம் நிமிர்ந்துதான் இருக்கும். இரண்டு வருடமாக மாதாமாதம் இடுப்பளவுக் கடலில் இறங்கி, அரிசியளவுக் கூனி இறாலை வாரிக்கொண்டு வருவதால் ஒட்டிக்கொண்ட பெயர். அவர் வாரி வந்ததை நுண்ணோக்கிக்கு அடியில் வைத்து, குட்டி எத்தனை, முட்டை சுமக்கும் தாய் எத்தனை, போன மாதத்துக்கு இந்த மாதம் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று அளப்பவள் அளவுக்காரி. இந்தக் கரை வருடத்துக்கு எவ்வளவு கூனி விளைவிக்கிறது என்பதுதான் கேள்வி. மீன்களுக்கு அதுதானே சோறு.

இந்த மாதத்தோடு அந்தக் கணக்கு முடிகிறது. முடிந்ததும் அவள் வேறு ஊர் ஆய்வுக்கூடத்துக்குப் போய்விடுவாள். கூனி சாருக்கு அது தொண்டையில் சிக்கிய முள். அலைக்கு அசையாத மனிதருக்கு அவள் முன்னால் நின்றால் தண்ணீரின் உப்பைத் தவிர வேறு பேச்சு வராது. அதனால் ஒரு தந்திரம் செய்தார். சின்னக் கண் வலையை ஆணியிலேயே விட்டுவிட்டு, பெரிய கண் வலையோடு கடலுக்குப் போய் வந்தார்.

அளவுக்காரி தட்டில் ஊற்றிப் பார்த்தாள்.

"சார், குட்டிங்க எங்க?"

"இல்லையா?"

"ஒண்ணுகூட இல்ல. எல்லாம் தாயும் தகப்பனும்தான். போன மாசம் பாதிக்குப் பாதி குட்டி. எல்லாம் பள்ளிக்கூடம் போயிருக்கா?"

"தண்ணி கொஞ்சம் சூடா இருந்துச்சு..."

"சூடு உங்க மூஞ்சில தெரியுது. எந்த வலை?"

முழுப் பூசணிக்காயை மறைக்க வந்தவருக்குச் சோறு போதவில்லை. "பெரிய கண்ணு. குட்டியெல்லாம் ஓட்டை வழியா நழுவிடும்," என்றார்.

"மறந்துட்டீங்களா?"

"இல்ல."

அவள் நாற்காலியைத் திருப்பி அவரைப் பார்த்தாள்.

"இதை வச்சு எழுதினா, இங்க கூனிக்குப் பிள்ளையே பிறக்கலைன்னு ஆகும். அடுத்த மாசம் மறுபடி எடுக்கணும். நான் இன்னும் ஒரு மாசம் இங்கயே இருக்கணும். அதுக்குத்தானே?"

அவர் தலையாட்டினார்.

"அதுக்கடுத்த மாசம் என்ன செய்வீங்க? வலையையே தொலைச்சுடுவீங்களா? சொல்ல வேண்டியதைச் சொல்ல உங்களுக்கு ஒரு மாசமா வேணும்?"

கூனி சாருக்குப் பயமாகத்தான் இருந்தது. அவள் போய்விடுவாள் என்ற பயம் அதைவிடப் பெரிது.

"வேணாம்," என்றார். "கல்யாணம் பண்ணிக்கலாமான்னு கேக்கணும். ரெண்டு வருஷமா வாய் வரல."

அளவுக்காரி தட்டிலிருந்ததைத் தொட்டியில் கொட்டிக் கழுவினாள். கழுவி முடிக்க வழக்கத்தைவிட நேரமாயிற்று.

"அப்ப எதுக்கு அடுத்த மாசம்? நாளைக்கே சின்னக் கண் வலை போட்டு எடுத்துட்டு வாங்க," என்றாள். "இந்த வேலை முடிஞ்சாத்தானே நான் வீட்டுக்குப் போய் அம்மாகிட்ட பேச முடியும்."