ரெண்டு பேர்

“அந்தக் கயித்தை அவுருங்கண்ணே,” என்றாள் நான்சி.

தம்பி டோனியின் உடல் மதுரை விமான நிலையத்திலிருந்து கிளம்பிவிட்டது. அதற்குள் வாசலில் பிளக்ஸ் கட்ட வந்துவிட்டார்கள். வெளிநாட்டில் ரொட்டிக் கம்பெனி வண்டி ஓட்டியவன். போர் விமானம் போட்ட குண்டில் வண்டியோடு போய்விட்டான். ‘அப்பாவியைக் கொன்ற அரக்கர்களே’ என்ற எழுத்துக்கு அடியில், படத்தில் அவன் சிரித்தான். பக்கத்தில் அவனைவிடப் பெரிதாக, கட்சிக்கார இளஞ்செழியன் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

போன வருஷம் அடுத்த தெரு ஹாஃபிஸாவின் புருஷன் யூசுப்பும் அதே போரில் இப்படித்தான் செத்தான். அது எதிர்த்தரப்பு விமானம். சும்மா இருந்தவன் மேலயா குண்டு போடுவார்கள் என்று டீக்கடையில் கேட்டவர் இதே இளஞ்செழியன். அன்றைக்கு யூசுப்புக்காக ஊர்வலம் போன எதிர்க்கட்சி முருகேசன், இன்றைக்கு டோனியைப் பற்றி அதே கேள்வியைக் கேட்டிருந்தார்.

“உன் தம்பிக்காகத்தானம்மா செய்றோம்,” என்றார் இளஞ்செழியன்.

“அப்ப யூசுப் படத்தையும் போடுங்க.”

“அது வேற, இது வேறம்மா.”

“ரெண்டு குண்டும் மேலருந்துதானண்ணே விழுந்துச்சு.”

டிவிக்காரர்கள் வருவார்கள், மேலிடத்தில் சொல்லியாகிவிட்டது என்று அவர் இழுத்தார். நான்சி ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, காய் நறுக்கும் கத்தியால் கயிற்றை அறுத்தாள். பிளக்ஸ் சரிந்தது. எதிர்மாடியில் நின்ற முருகேசன் சிரித்தார்.

“நீங்களும் இறங்கி வாங்கண்ணே. செத்தவங்க ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் ஜெபம்.”

அவர் உள்ளே போய்விட்டார்.

பெட்டி வந்தது. திறக்கக்கூடாது என்று சீல் வைத்திருந்தார்கள். ஜெபத்தில் யூசுப் பெயரையும் சொல்லச் சொன்னபோது, ஜெபம் நடத்த வந்த கோயில் உபதேசியார் தயங்கினார். பங்குச் சாமியார் என்ன சொல்வாரோ என்றார். உபதேசியார் தலையாட்டும்வரை நான்சி நகரவில்லை.

வாசலில் செருப்பைக் கழற்றாமல் ஹாஃபிஸா நின்றிருந்தாள். நான்சி போய்க் கையைப் பிடித்தாள்.

“அவருக்குப் பெட்டிகூட வரலக்கா,” என்றாள் ஹாஃபிஸா.

“தெரியும். உள்ள வா.”

பெட்டியையொட்டிப் பாயில் உட்கார்ந்திருந்த அம்மா ஆனந்தமேரி, நிமிர்ந்து ஹாஃபிஸாவைப் பார்த்தாள். பிறகு சேலையை ஒதுக்கிக்கொண்டு, பாயில் அவளுக்கு இடம் விட்டுச் சற்று நகர்ந்து உட்கார்ந்தாள்.