இன்னொரு தடவை கேட்பார் என்று

ஹாஜியார் கேட்டதும் நான் வேண்டாம் என்றேன். அதுதான் என் பிழை. அதை ஒருத்தியைத் தவிர இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

மாத்தளை அலுவிகாரையில் ஸக்கரியா ஹாஜியாரின் வாசனைத் திரவியத் தோட்டத்தில் கன்றுகள் வளர்க்கும் நாற்றுத் தவறணை பதினொரு வருடமாக என் பொறுப்பு. மாலைதீவில் ஒரு ஹோட்டல், சமையலறைக்குப் பின்னால் நடுவதற்கு எங்களிடம் அறுபது கறிவேப்பிலைக் கன்றுகள் கேட்டிருந்தது. மண்ணோடு அனுப்ப அனுமதியில்லை. ஒவ்வொரு வேரையும் கழுவி, ஈரமான தென்னந்தும்புத் தூளில் சுற்றிக் கட்டியவள் நான். கூடவே ஒருவர் போய் மூன்று வாரம் தங்கி நட்டுக்கொடுக்க வேண்டும். என்னைத்தான் கேட்பார் என்று தெரியும். மக்காவுக்கு உம்றா போக எடுத்த பாஸ்போட் இன்னும் எத்தனை மாதம் செல்லும் என்று அலுமாரியைத் திறந்து பார்த்துவிட்டேன். என் கணவர் அன்ஸாபும் சம்மதித்திருந்தார்.

அப்படியிருந்தும் ஹாஜியார் கேட்டபோது வாயில் வந்தது வேறு.

"எனக்கெங்க ஹாஜியார் ஏலும். வீடு வாசல் இருக்கே."

எங்கள் வீடுகளில் தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்டால் முதலில் வேண்டாம் என்போம். மறுபடி கேட்டால், எதற்குச் சிரமம் என்போம். பிறகுதான் கோப்பையை வாங்குவோம். கேட்டவுடன் கை நீட்டுகிறவள் என்று பெயர் எடுக்கக்கூடாது. ஹாஜியாரும் அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவர்தானே. இன்னொரு தடவை கேட்பார் என்று மேசையருகில் நின்றேன்.

அதுவும் சரிதான் என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த மேசைப் பக்கம் திரும்பினார்.

"நிரஞ்சனி, நீங்க போறீங்களா?"

"போறேன் சேர்."

அவ்வளவுதான். அத்தனை சுலபமாக ஒருத்திக்குச் சொல்ல வருமென்று எனக்குத் தெரியாது.

நிரஞ்சனி எல்கடுவ தேயிலைத் தோட்டத்துப் பெண். வெளிநாட்டுக் கடிதங்களையெல்லாம் அவள்தான் பார்ப்பாள். என்னைவிட இரண்டு வயது குறைவு. ஆறு வருடமாக எங்கள் சாப்பாட்டுப் பெட்டிகள் ஒரே மேசையில் திறக்கின்றன. அன்று பகல் தன் பெட்டியிலிருந்த முட்டையில் பாதியை என் சோற்றில் வைத்தாள். "நீங்க மாட்டேன்னு சொன்னதாலதான் அக்கா எனக்குக் கெடச்சிச்சு," என்றாள். சாப்பிட்டேன். உப்புக் கூடிவிட்டது என்றேன். கூடியிருக்கவில்லை.

போவதற்கு முன், எழுதிக்கொள்ள ஒரு கொப்பியோடு வந்து நடுகை பற்றிக் கேட்டாள். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். கேட்காததைச் சொல்லவில்லை. தீவுக் கிணற்றின் உப்பைப் பற்றி அவள் கேட்கவில்லை.

பொருளைப் பறிகொடுத்தவள் நாலு பேரிடம் முறையிடலாம். நான் யாரிடம் போவேன்? நீதானே வேண்டாம் என்றாய் என்பார்கள். மாலைதீவிலிருந்து அவள் அனுப்பிய படங்களை மட்டும் ஒன்று விடாமல் பார்த்தேன். ஒரு படத்தில் வெள்ளை மணலில் நின்ற அவள் கால்களைப் பெரிதாக்கினேன். வேலைக்குப் போட்டுவரும் அதே தேய்ந்த செருப்பு. கடல் தாண்டிப் போகிறவள் ஒரு புதுச் செருப்புக்கூட வாங்கவில்லை. நானென்றால் வாங்கியிருப்பேன். அதற்காகவும் அவள்மேல் எரிச்சல் வந்தது.

பத்தாம் நாள் வீடியோவில் அழைத்தாள். கன்றுகளின் இலை ஓரங்கள் கருகியிருந்தன. மணலிலேயே நட்டு, கிணற்றுத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். உப்பென்று பார்த்த மாத்திரத்தில் விளங்கிவிட்டது.

"நேர்ல பாக்காம ஒண்டும் சொல்ல ஏலாது நிரஞ்சனி," என்றேன்.

அதற்குப் பிறகும் சொன்னதை மாற்றவில்லை. பின்னேரம் ஹாஜியார் செய்தி கேட்டுத் தவறணைக்கே வந்து, நீங்களே ஒருதரம் போய்ப் பார்த்தால் என்ன என்று கேட்டார். அவர் முடிக்குமுன் போகிறேன் என்றேன். ஞாயிற்றுக்கிழமைக்கு டிக்கட் பார்ப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். அதற்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது.

அடுத்த நாள் வேலை முடிந்து மாத்தளை டவுனில் ஒரு செருப்புக் கடைக்குள் ஏறினேன். ஒரு காலில் புதுச் செருப்பை மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவளுடைய செய்தி வந்தது.

'கவலப்படாதீங்க அக்கா. இப்ப ஒரு நாளைக்கு மூணு தரம் நானே தண்ணி ஊத்துறேன். நீங்க வர்ற வரைக்கும் ஒண்ணையும் சாக விட மாட்டேன்.'

கழுவிக் கட்டிய அறுபது வேரும் என் விரல்களுக்கு ஞாபகம் இருந்தது. அவள் வாளி வாளியாக உப்பை ஊற்றிக்கொண்டிருந்தாள், என்னை நம்பி.

அழைத்தேன். "ஊத்தாதீங்க," என்றேன். மணலிலிருந்து எடுத்துத் தும்புத் தூள் நிரப்பிய வாளிகளில் வைக்கச் சொன்னேன். குடிக்கிற தண்ணீரை மட்டும் ஊற்றி உப்பைக் கழுவச் சொன்னேன். ஒரு கிழமை, ஏழு நாளைக்கு, வெயில் படாமல் வைக்கச் சொன்னேன். எழுதிக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் அலைச் சத்தம் கேட்டது.

"அக்கா, இது ஒங்களுக்கு நேத்தே தெரியுமா?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

கடைக்காரர் பக்கத்தில் நின்றார். குரலைத் தாழ்த்தினேன்.

"எனக்கு அங்க வர ஆசையா இருந்திச்சு."

"அத அன்னைக்கே சேர்கிட்ட சொல்லியிருந்தா நான் வாயே தொறந்திருக்க மாட்டேனே," என்றாள். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் உதவியாக இருந்திருக்கும். பிறகு கேட்டாள்: "அப்ப நீங்க வரத் தேவையில்லையா?"

"தேவையில்ல."

உண்மையான பதில்தான். ஆனாலும் போனைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றேன். இருந்தாலும் வாங்களேன் அக்கா என்று ஒரு தடவை சொல்வாள் என்று.

"சரிக்கா. நான் போய்க் கெணத்துத் தண்ணிக் கொழாய மூடணும்," என்று வைத்துவிட்டாள்.

அளவு சரியா என்று கடைக்காரர் கேட்டார். சரிதான் என்று சொல்லிக் கழற்றிக் கொடுத்தேன்.