இல்லாத இடம்

விடியுமுன்னே எங்கள் வேலை தொடங்கிவிடும். கணினி அடுக்குகள் நிற்கும் அந்தக் கூடத்தில் தரையிலிருந்து குளிர்காற்று பீறிட்டுக் கிளம்பும். விசிறி இரைச்சலில் காது அடைக்கும். வட்டுகளைப் பிடுங்கிச் செருகிப் பிடுங்கிச் செருகி விரல்நுனி மரத்துப்போகும். ஒரு பெரிய கணினிக்குள் மென்பொருளால் பல கணினிகளை உண்டாக்கி வாடகைக்கு விடுவது முதலாளியின் தொழில். ஒவ்வொன்றுக்கும் வட்டில் இடம் பிரித்துக் கொடுப்பது எங்கள் வேலை. எங்களில் மூத்தவர் பியோங்சூ அண்ணன்.

அன்று மேலாளர் குவாக் வந்து, ஒரு மருத்துவமனைக்கும் இடம் ஒதுக்கச் சொன்னார்.

"ஐயா, வட்டுல இடம் ஏது? இருக்கறதுக்கு மேலயே எல்லாருக்கும் வாக்கு கொடுத்தாச்சு" என்றார் அண்ணன்.

"எல்லாரும் ஒரே நேரத்துல நிரப்பிடவா போறாங்க? இருக்குன்னு காட்டுப்பா, போதும்."

"புது வட்டு வாங்கிக் குடுங்க."

"புது வட்டைவிடப் புது ஆளு மலிவு. தெரியுமில்ல?"

அவர் போனதும் அண்ணன் என் பக்கம் திரும்பினார். "பாத்தியா கும்ஹி, பொறந்தநாளுக்கு வெக்கற கடற்பாசி சூப்பு ஒரே சட்டி, அதை வெச்சுக்கிட்டு ஊருக்கே விருந்தாம்!"

சிரித்தோம். அவரோடு நான் சிரித்தது அதுதான் கடைசி.

வேறு வழியின்றி, இடம் இருப்பதாகக் காட்டினோம். அந்த வாரமே வட்டு நிரம்பியது. மருத்துவமனையின் கணினிகள் ஒன்றன்பின் ஒன்றாக உறைந்தன. அண்ணன் வீட்டுக்கே போகாமல், அந்தக் குளிரிலேயே நின்று பழைய நகல்களை அழித்தார், மற்றதை வேறு வட்டுக்கு மாற்றினார். எல்லாம் மீண்டும் ஓடத் தொடங்கிய காலையில், அடுக்குகளுக்கு நடுவே சரிந்தார். ஓடிப்போய்த் தாங்கினேன். சில்லிட்டிருந்த அந்தக் கையைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தேன். சூடேறவேயில்லை.

இறுதிச்சடங்குக் கூடத்தில் அண்ணன் படத்தின் முன் குவாக் விழுந்து வணங்கினார். பிறகு எங்கள் மேசைக்கு வந்து குரலைத் தாழ்த்தினார்.

"மருத்துவமனைக்காரங்க கேட்டா, பியோங்சூ தப்பா பிரிச்சுட்டாருன்னு சொல்லுங்க. செத்தவரை யாரு தண்டிக்கப் போறாங்க?"

அவருக்குப் பின்னால் அண்ணனின் மனைவி மிரான் கறுப்பு உடையில் நின்றிருந்தார்.

"கும்ஹி, அவரு தப்பு பண்ணிட்டாரா?"

அவர் பக்கம் திரும்பினேன். "இல்ல அண்ணி. இவருதான் செய்யச் சொன்னாரு. அண்ணன் மறுத்தப்ப நான் பக்கத்துலதான் நின்னேன்."

"வேலை வேணாமா உனக்கு?" குவாக் சீறினார்.

எங்களோடு வேலை பார்க்கும் சோல்கி எழுந்தான். "அவளை மட்டும் ஏன் மெரட்டறீங்க? என்னையும்தானே செய்யச் சொன்னீங்க?"

அடுத்திருந்தவள் எழுந்தாள். மேசை முழுக்க எழுந்தது.

"உண்மையை நீங்களே சொல்லுங்க. புது வட்டு வர்ற வரைக்கும் ஒருத்தருக்கும் இடம் பிரிக்க மாட்டோம்" என்றேன்.

"எல்லாரையும் வெளிய அனுப்பினா?"

"அனுப்புங்க. மருத்துவமனை வாசல்ல நின்னு நாங்களே சொல்றோம்."

காலணியைச் சரியாக மாட்டக்கூட நிற்காமல் அவர் வெளியேறினார். மிரான் அண்ணி என் தோளில் முகம் புதைத்து, அதுவரை அடக்கியதையெல்லாம் அழுது தீர்த்தார்.

இனி யாருக்கு வேலை இருக்கும், யாருக்குப் போகும், தெரியாது. மறுநாள் காலை ஒருவரும் வேலைக்குப் போகவில்லை. அண்ணனின் சவப்பெட்டியைத் தூக்க நாலைந்து பேர் போதும். நாங்கள் எல்லோருமே கை கொடுத்தோம்.