அகற்றிய மண் எங்கே கொட்டப்பட்டது?

திட்ட அலுவலர் அன்பழகன் நஞ்சேறிய நிலத்தைச் சுத்தம் செய்ய அரசாங்கம் அனுப்பிய ஆள். நிலத்தில் கால் வைக்கத்தான் அவருக்கு மனசு வராது. பழைய பேட்டரி உடைக்கும் பட்டறை மூடிக்கிடந்த அந்த இரண்டு ஏக்கரைப் பார்வையிட நான்கு முறை வந்தார். நான்கு முறையும் ஜீப் படியை விட்டு இறங்கவில்லை. ஈய மண் ஷூவில் ஒட்டிக்கொள்ளுமாம்.

"அறிக்கைதாம்மா வேலை. மண்ணை எவன் வேணா அள்ளலாம். அறிக்கைக்குத்தான் மூளை வேணும்" என்பார் வெற்றிச்செல்வியிடம்.

வெற்றிச்செல்வி, வேப்பந்தட்டைக்குப் பக்கத்தில் மேலக்கல்லேரி ஊராட்சியின் செயலர். அரசு மானியத்தில் முதல் கட்டமாக முன்பக்க ஏக்கரின் மண்ணை அள்ளியாகிவிட்டது. பின்பக்க ஏக்கர் இரண்டாம் கட்டம். அதை ஒட்டித்தான் அவள் குடியிருக்கும் தெரு. மகளின் ரத்தத்தில் ஈயம் இருக்கிறது என்று திருச்சி டாக்டர் சொல்லி எட்டு மாதமாகிறது. முதல் காலாண்டு அறிக்கை முப்பதாம் தேதி மாலை ஐந்து மணிக்குள் அன்பழகன் கையெழுத்தோடு தலைமையகத்தின் இணையதளத்தில் ஏறவில்லையென்றால் இரண்டாம் கட்டம் ரத்து. விதி அப்படி.

அன்பழகனோ அறிக்கையை மூன்று முறை திருப்பி அனுப்பியிருந்தார். முதல் தடவை, ஓரத்தில் இடம் போதவில்லை. இரண்டாம் தடவை, 'ஈயம்' என்பது பாமரத்தனமாக இருக்கிறது, 'கன உலோகம்' என்று போடு. மூன்றாம் தடவை, படத்தில் பயனாளி சிரிக்கவில்லை.

பயனாளி என்றால் பூமாலை. பட்டறை ஓரம் மேய்ந்த பதினோரு ஆடுகளைப் பறிகொடுத்தவள். பெயரும் திட்டத்தின் பெயரும் எழுதிய சிலேட்டை நெஞ்சில் பிடித்தபடி அவள் வெயிலில் நிற்க, அன்பழகன் ஜீப் படியிலிருந்து படம் எடுக்கச் சொன்னார்.

"ஏம்மா, சிரிச்ச மாதிரி நில்லு."

"பதினோரு ஆடு செத்துப்போச்சுங்க. எதை நெனச்சு சிரிக்கிறது?"

"திட்டத்தை நெனச்சு சிரி."

"திட்டம் என்ன, எம் மாமன் மவனா?"

அன்பழகனுக்கு ஒரு பெருமை உண்டு. லாரி மண்ணைக் கொட்டும் ஒவ்வொரு முறையும் டிரைவர் போனில் படம் எடுக்க வேண்டும். இடக்குறியீட்டோடு அது நேராகத் தலைமையகத்துக்குப் போய்விடும். இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்ததற்காகத் திருச்சிக் கருத்தரங்கில் அவருக்குச் சால்வை போட்டார்கள். "ஏறின படத்தை என்னாலேயே அழிக்க முடியாது" என்று மேடையில் சொல்லிவிட்டுக் கைதட்டலுக்காகக் கொஞ்சம் நிறுத்தினாராம்.

முப்பதாம் தேதி மூன்றரை மணிக்கு, பெரம்பலூர் ஆபீசில் அவர் அறிக்கையை நான்காவது முறையாகப் புரட்டினார்.

"பதினேழாம் பத்தி காலியா கெடக்கு. 'அகற்றிய மண் எங்கே கொட்டப்பட்டது?' இதை வுட்டுட்டுக் கையெழுத்து கேக்குற. உங்களையெல்லாம் வச்சிக்கிட்டு..."

"அதை மட்டும் நீங்க ஒருதரம் பார்த்துட்டா நல்லதுங்க சார்."

"எனக்கென்ன அதைப் பார்க்குற வேலை? படத்தை எடுத்து ஒட்டு."

வெற்றிச்செல்வி கணினியைத் திருப்பி வைத்தாள். இருபத்திரண்டு படங்கள். எல்லாவற்றிலும் ஒரே இடம். கொட்டும் லாரி, செங்கல் குவியல், மஞ்சள் துணி கட்டிய பூஜைக் கம்பு, அதற்குப் பக்கத்தில் ஒரு தகரப் பலகை: 'இந்த மனை அன்பழகன், பி.இ. அவர்களுக்குச் சொந்தமானது.'

அரியலூர் ரோட்டில் அவர் வாங்கிப்போட்ட பள்ளமான மனைதான். நஞ்சு மண் போகவேண்டிய இடம் அரியலூரைத் தாண்டி, பழைய சுண்ணாம்புக்கல் குழியில் தார்ப்பாய் விரித்த கிடங்கு. மனை அதே வழியில் இருந்தது.

அன்பழகன் ஒப்பந்தக்காரர் வெள்ளைச்சாமியைப் போனில் பிடித்தார். "என்ன மண்ணுய்யா அனுப்பின?"

"நீங்கதானே சார் மனையை மேடாக்க மண்ணு கேட்டீங்க." ஸ்பீக்கரில் வெள்ளைச்சாமியின் குரல் நிதானமாக வந்தது. "எந்த மண்ணுன்னு கேக்கலியே. ஓசிக்கு ஏரி வண்டலா அள்ளிட்டு வருவாங்க?"

"படம் வேற எடுத்து வச்சிருக்கான் ஒன் டிரைவரு!"

"படம் இல்லைன்னா பில்லு நகராதுன்னு உத்தரவு போட்டது நீங்கதானே சார்."

போனை வைத்தார். பி.இ. முழுவதும் முகத்திலிருந்து வடிந்துவிட்டது.

"என் வூட்டுக்காரி அதுல கீரை போட்டிருக்காம்மா."

"சாப்பிட்டீங்களா சார்?"

"மூணு தரம்." திரையைக் காட்டினார். "இதையெல்லாம் அழிச்சிடு."

"உங்களாலேயே அழிக்க முடியாதுன்னீங்களே சார்."

மணி நாலே காலைத் தாண்டியிருந்தது. வெற்றிச்செல்வி பேனாவைத் திறந்து அவர் முன்னால் வைத்தாள். இந்த மனுஷன் பயத்தில் கையெழுத்தே போடாமல் எழுந்து போய்விட்டால் மகளுக்கு இன்னொரு வருஷம் அதே மண்தான்.

"சார், இரண்டாம் கட்டத்துல 'மண் பரவிய பிற இடங்கள்'னு ஒரு இணைப்பு இருக்குங்க. அதுல உங்க மனையைச் சேர்த்துட்டா அரசாங்கமே அள்ளிடும். ஆனா இந்த அறிக்கை இன்னிக்கு ஏறினாத்தான் இரண்டாம் கட்டமே. ஏறலைன்னா எங்க தெருவும் அப்படியே கெடக்கும், உங்க கீரையும் அப்படியே கெடக்கும்."

அன்பழகன் ஓரத்து இடத்தை அளக்கவில்லை. 'கன உலோகம்' எல்லா இடத்திலும் மறுபடி 'ஈயம்' ஆகியிருந்ததைக் கவனிக்கவில்லை. பதினேழாம் பத்தியில் வெற்றிச்செல்வி அவர் மனையின் முகவரியைத் தெளிவாக எழுதிக்கொடுக்க, நாலு முப்பத்தைந்துக்குக் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் தலைமையகத்திலிருந்து பதில் வந்தது: 'அறிக்கை எல்லா வகையிலும் முழுமையாக உள்ளது. பாராட்டுகள்.' யார் படித்தார்கள்?

இரண்டு வாரம் கழித்து ஒரு காலையில், அரியலூர் ரோட்டு மனையில் ஜீப் வந்து நின்றது. புது இடத்தின் முதல் படம். சிலேட்டில் வெற்றிச்செல்வியே எழுதினாள்: 'பயனாளி: அன்பழகன், பி.இ.'

"படியிலேருந்து எறங்குங்க சார். மண்ணுல நிக்கணும், விதி."

இறங்கினார். ஷூ கணுக்கால் வரை புதைந்தது. சிலேட்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தார்.

"கொஞ்சம் சிரிச்ச மாதிரி சார்."

"இது ரொம்ப அவசியமாம்மா?"

"சிரிக்கலைன்னா அறிக்கை திரும்பி வந்துடும்ங்க. சீக்கிரம் சார், பத்து மணிக்கு எங்க தெருவுக்குப் பின்னால ஜேசிபி வருது."