மடு மண்ணும் மாரித் தண்ணீரும்

பெற்றிசியா நாலாவது தடவையாகச் சாக்கைப் பிழிந்து வாளிக்குள் விட்டாள். இன்னும் ஒன்பது மணிகூட ஆகவில்லை. மழை விட்டு இரண்டு நாளாகிறது, அறைத் தரை மட்டும் விடுவதாயில்லை. துடைத்த இடம் துடைத்தபடியே கசிந்து, அலுமாரிக் காலடியில் குளமாகி, மூலையில் வெள்ளை உப்பாய்ப் பூத்துக் கிடந்தது. நாரியைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தவளுக்கு யாரையாவது நாலு ஏச்சு ஏசினால் நல்லது போலிருந்தது. ஏசுவதற்கும் ஆளில்லை. புருசன் கிறகரி படகை மேலே இழுத்துக் கட்டவென்று கரைக்குப் போயிருந்தான்.

அவளுக்கு மிச்சம் இருந்தது பத்தே நாள். மகள் மதுஷிகாவுக்கு எட்டு மாதம் முடிகிறது. தலைப்பிள்ளை, தாய் வீட்டில்தான் பெறவேண்டும், முப்பத்தொரு நாளும் இந்த அறையில்தான் கிடக்கவேண்டும். பேசாலையில் வேறு வழக்கம் எவளுக்கும் தெரியாது. நத்தார்ப் பண்டிகைக்கு முதல் கூட்டி வருவதாகப் பேச்சு. ஆனால் போன கிழமை கீரிக் கிராமத்திலிருந்து சம்பந்தி சிசிலியா போன் எடுத்து, "கோவிக்காதேங்கோ மச்சாள், பச்சைப்பிள்ளையை ஈரத்திலயோ கிடத்தப் போறியள்? அறை காயாட்டில் நான் மருமோளை அனுப்பமாட்டன்," என்று முகத்துக்கு நேரே சொன்னதுபோல் சொல்லிவிட்டாள். கோவிக்கவேண்டாமாம்! அன்றைக்குப் பெற்றிசியாவுக்குச் சோறு இறங்கவில்லை. சிசிலியா சொன்னது சரியாயிருந்ததுதான் பெரிய கோபம்.

மூன்று மாரியாக இதே கூத்து. ஊரில் குழாய்த் தண்ணீர் வந்தபிறகு கிணறுகளில் யாரும் அள்ளுவதில்லை, அதனால் நிலத்துத் தண்ணீர் மேலே வருகிறது என்றார் ஒருவர். கூரைத் தண்ணீர்தான் சுவரடியால் இறங்குகிறது என்றார் இன்னொருவர். அவளும் கூரைக்குப் பீலி போட்டாள், தண்ணீர் ஓடச் சுவரைச் சுற்றிக் கான் வெட்டினாள், தரைக்கு மேலே இன்னொரு தரம் சீமெந்து பூசினாள். பூசின சீமெந்தும் பொருக்காய்க் கழன்றது. மேசன் பிரசாந்தன் மட்டும் வந்து காலால் தட்டிப் பார்த்துவிட்டு, "உடைச்சுப் பாக்காமல் ஒண்டும் சொல்லேலாது அன்ரி. கீழ வெறுமையாக் கேக்குது," என்றான்.

உடைப்பதற்குக் கிறகரி விட்டால்தானே! வீட்டுத்திட்டத்தில் இந்த வீட்டைக் கட்டிய வருடம், பாம்பு பூச்சி அண்டாமல் இருக்கட்டும் என்று மடு மாதா கோயில் மண்ணைப் பொட்டலமாகக் கொண்டுவந்து அத்திவாரத்தில் வைத்தார்கள். "மடு மண் கிடக்கிற நிலம். அலவாங்கு போட்டாக் குடும்பம் விளங்காது," என்று ஒவ்வொரு மாரிக்கும் அவன் ஒரே பாட்டைப் பாடினான். மாதாவின் பெயரைக் கேட்டால் அவளும் வாயை மூடிக்கொள்வாள். கையும் அலுத்தது, வாயும் அலுத்தது. கடைசியில் பயம்கூட அலுத்துப்போனது.

வாளியை முற்றத்தில் கவிழ்த்துவிட்டு அவள் பிரசாந்தனுக்குப் போன் எடுத்தாள்.

"அங்கிள் ஓமெண்டவரோ?" அரைமணியில் வந்து இரும்பு அலவாங்கை நிலத்தில் ஊன்றிக்கொண்டு பிரசாந்தன் கேட்டான்.

"நான் ஓமெண்டுறன். உடை."

சிலுவை போட்டுக்கொண்டு, மாதாவே, என்னைத்தான் பிடிக்கவேணும், பிள்ளையைப் பிடிக்காதேயும் என்று மனதுக்குள் சொன்னாள். நாலு போட்டில் கொங்கிறீட் பொடிந்தது. அதற்குக் கீழே மண் இருக்கவேண்டிய இடத்தில் மண் இல்லை. ஒரு சாண் கீழே கறுத்த தண்ணீர் பளபளத்தது. பிரசாந்தன் குப்புறப் படுத்துக் கையை விட்டுத் துழாவினான். எதிலோ விரல் மாட்டிக்கொண்டது. இழுத்தான். வலை வந்தது.

வந்தது, வந்தது, வந்துகொண்டேயிருந்தது. பத்து முழம், இருபது முழம், இடையிடையே மிதப்புக் கட்டைகள், அழுகின கயிறு. தங்கூசி வலை. மெல்லிய நைலோன், மண்ணில் உக்காது, தண்ணீரில் கரையாது. கடலில் போடக்கூடாது என்று அரசாங்கம் தடைசெய்த வலை.

"அன்ரி, இது குழியில்லை. கிணறு."

இந்த வளவில் முன்பு ஒரு கிணறு இருந்தது பெற்றிசியாவுக்குத் தெரியாததல்ல. வீட்டு வரைபடத்தில் அறை அந்தக் கிணற்றுக்கு மேலே வந்தது. அதைத் தூர்க்கவேண்டும், படை படையாக மணல் கொட்டித் தண்ணீர் விட்டு இறுக்கி, இரண்டு மாரி விட்டபிறகுதான் கட்டவேண்டும் என்றார்கள். அவள் தாயைப் பார்க்க ஒரு கிழமை போய்வந்தபோது கிணறு தூர்ந்திருந்தது, அத்திவாரமும் வெட்டியாகிவிட்டது. லோட் லோடாய் மணல் கொட்டியதாகக் கிறகரி சொன்னான். முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறாள். கிணற்றை வீட்டுக்குள் மறைத்தவனை இன்றைக்குத்தான் காண்கிறாள்.

கிறகரி வந்து வாசலில் நின்றான். வலையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், பிறகு கதிரையைத் தேடி இருந்துகொண்டான்.

"அந்த வருசம் கரையில தடைவலை தேடி அரசாங்க ஆக்கள் வரப்போறாங்கள் எண்டு கதை வந்திட்டுது," என்றான். "எரிச்சா மணக்கும். கிணறு எப்பிடியும் தூர்க்கிற கிணறு. எல்லாத்தையும் உள்ள போட்டு, மேல நாலு லோட் மண் போட்டனான். பிறகு அந்த மண் வலைக்குள்ளால கீழ இறங்கியிருக்கும்."

"அப்ப மடு மண்?"

அவன் வலையின் நுனியைக் காலால் ஒதுக்கினான்.

"எங்க கிடக்குது? சொல்லுங்கோ!"

"முன்வாசல் மூலையில."

"நாசமாப் போக!" அவள் வாயிலிருந்து இப்படி ஒரு சொல் அவனுக்கு வந்ததேயில்லை. "கிணத்தை மறைச்சதுக்குக்கூட மன்னிப்பன். மாதாவை ஏன் இழுத்தனீங்கள்? மூண்டு மாரி! ஒவ்வொரு நாளும் குனிஞ்சு குனிஞ்சு அள்ளினதைப் பாத்துக்கொண்டு இருந்தனீங்களே!"

"சொல்ல வெக்கமாக் கிடந்தது," என்றான் கிறகரி. அறுபது வயதுக்காரன் பள்ளிக்கூடப் பிள்ளைபோல் காற்பெருவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதற்கு மேல் ஏச அவளுக்குச் சத்தில்லாமல் போயிற்று.

"எப்ப காயும்?" பிரசாந்தனிடம் கேட்டாள்.

"வலை முழுக்க எடுக்கோணும். பிறகு மணல் போட்டு இறுக்கோணும். மாரி முடியாமல் மேல கொங்கிறீட் போடேலாது. மாசியாகும் அன்ரி."

மாசி. பிள்ளை தை முதல் கிழமை வந்துவிடும். இந்த அறையை விட்டால் வீட்டில் இருப்பது சமைக்கிற குசினியும் நடைவழி போன்ற ஒரு விறாந்தையும்தான். இத்தனை நாளும் சிசிலியாவோடு மனதுக்குள் போட்ட சண்டை எல்லாம் இந்த ஓட்டைக்குள் விழுந்து முடிந்தது. பெற்ற மகளை வராதே என்று அவளே சொல்லவேண்டும்.

தள்ளிப் போட்டால் சொல்ல வராது என்று உடனே போன் எடுத்தாள். சிசிலியாதான் எடுத்தாள்.

"மச்சாள், அறை சரிவராது. கீழ கிணறு. பிள்ளை அங்கயே இருக்கட்டும்." மிச்சத்தையும் அதே மூச்சில் கேட்டுவிட்டாள். "நான் அங்க வந்து நிக்கட்டே? முப்பத்தொரு நாளைக்கு. பத்தியச் சரக்கு அரைக்க, பிள்ளையைக் குளிப்பாட்ட... எனக்கொரு பாய் போட இடம் இருந்தாக் காணும்."

பெண்ணைக் கொடுத்த வீட்டில் போய்ப் பாய் கேட்டவள் அவள் பரம்பரையில் இல்லை.

"பாயோ? என்ன மச்சாள் கதை இது!" என்றாள் சிசிலியா. "உங்களுக்குக் கட்டில் போட்டு மூண்டு நாளாச்சு. நீங்கள் ரோசக்காறி, கூப்பிட்டா வரமாட்டியள் எண்டு இவள் மதுஷிகா சொன்னவள். உங்களிட்ட எப்பிடிக் கேக்கிறதெண்டு மாமியும் மருமோளும் இஞ்ச முழிச்சுக்கொண்டு இருக்கிறம்."

போனை வைத்தபிறகும் பெற்றிசியா அதே இடத்தில் நின்றாள்.

"என்னவாம்?" என்று பயந்து பயந்து கேட்டான் கிறகரி.

"எனக்குக் கட்டில் போட்டிருக்கினமாம்," என்றாள். சொல்லும்போதே கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. அதை முன்றானையால் துடைத்துவிட்டு, கிணற்றுப் பக்கம் கையைக் காட்டினாள்.

"எழும்புங்கோ. இழுங்கோ உங்கட வலையை."