தராசில் விழாத கூட்டம்

1976இல் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் குணவதியின் பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்த கூட்டத்தின் எடை ஒன்றுமில்லை. அதே கூட்டம் ஈப்போவிலிருந்து வந்த பேண்டுக்கு ஆடியபோது தராசு முள் கடைசிக் கோட்டைத் தாண்டி வளைந்துபோனது. கூட்டம் சேர்க்கிறவர்களுக்கே மேடை என்று தோட்டத்துத் துரை சொல்லியிருந்தார். ஆடுகிற தலைகளை எண்ண முடியாது. தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி சாம்பசிவத்துக்குக் கொழுந்து நிறுத்துத்தான் பழக்கம். ஆகவே தொழிற்சாலைத் தராசுகளைக் கோயில் திடலில் வரிசையாகப் போட்டு, மேலே பலகை அடுக்கி, ஜனங்களை அதில் உட்காரவைத்தார்.

நடந்தது இதுதான். குணவதி பாட்டின் முதல் அடியை எடுத்ததும் ஜனங்கள் பலகையை விட்டு ஒரு சாண் எழும்பினார்கள். அடுத்த அடியில் ஓர் ஆள் உயரம். பிள்ளைகள் பந்தல் கூரையில் முட்டி நின்றார்கள். பாட்டு இறங்க அவர்களும் இறங்கி, சேலையைச் சரிசெய்துகொண்டு வீட்டுக்குப் போனார்கள். நல்ல பாட்டுக்கு அப்படித்தான் ஆகும் என்று நினைத்ததால் யாரும் அதைப் பேசவில்லை. கிராணி மட்டும் தராசுக் கம்பத்தைக் கட்டிப்பிடித்தபடி முள்ளையே பார்த்திருந்தார். குணவதிக்கும் தெரியாது. கூச்சக்காரி, கூட்டத்துக்கு முதுகைக் காட்டி, அம்மனைப் பார்த்துத்தான் பாடுவாள். பின்னால் ஓர் இருமல்கூடக் கேட்காததால், எல்லாரும் எழுந்து போய்விட்டார்கள் என்றே நம்பினாள்.

மறு வருடம் அந்த எடைக் கணக்கோடு கோயில் கமிட்டித் தலைவர் வீரப்பன் அவளிடம் வந்தார். "இழுக்காத பிள்ள. நாலு வரியில முடிச்சிடு லா, ஜனங்க நிப்பாங்க."

"நாலு வரியில முடிச்சா அது வேற பாட்டுண்ணே."

மூடுபனி மலையேறுகிற வேகத்தில் அவளே கட்டிய பாட்டு அது. பனியை யார் அவசரப்படுத்துவது? மேடை பேண்டுக்குப் போனது. அவள் கொழுந்து பறிக்கும்போது பாடினாள். கூடைகள் லேசாகிவிட்டதால், "நிறுக்கிற நேரத்துல மட்டும் வாய மூடுடி ஆத்தா" என்று கூட வேலை செய்த காளியம்மா கும்பிட்டாள். கேட்க ஒரு கூட்டம் இல்லையே என்ற வருத்தம் மட்டும் குணவதிக்குத் தீரவில்லை.

1982 திருவிழா மாலையில் பேண்டின் லோரி ரிங்லெட் மலைச்சாலை வளைவில் சேற்றில் புதைந்தது. ஜனங்கள் பலகையில் காத்திருந்தார்கள். கிராணி ஓடிவந்தார். "பேண்டு வர்ற வரைக்கும் கொஞ்சம் பாடேன்."

"பாடுனா முழுசாத்தான் பாடுவேன், கிராணி ஐயா."

"பாடு, பாடு. யாரு கேக்கப் போறா?"

அவள் பாடினாள். பாதியில் தலைமேல் ஒரு கடலைத் தோல் விழுந்தது. இன்னொன்று. வாழ்க்கையில் முதல்முறையாகத் திரும்பிப் பார்த்தாள். திடல் காலி. தலையை நிமிர்த்தினால், ரிங்லெட், பிரிஞ்சாங் ஊர் ஜனங்கள் எல்லாரும் மேலே மிதந்தார்கள். காளியம்மா வெற்றிலை மென்றுகொண்டே கையசைத்தாள். அன்றைக்கு நிறுக்க ஒன்றுமில்லை என்று கம்பத்தை விட்டிருந்த கிராணியோ தலைகீழாகத் தொங்கிக் கத்தினார்: "நிறுத்திடாத தாயி! விழுந்துடுவோம்!"

சிரிப்பை அடக்கிக்கொண்டு, பாட்டில் ஓர் அடியையும் விடாமல், அவர்கள் முகத்தைப் பார்த்தே பாடி அனைவரையும் பத்திரமாக இறக்கினாள். கடைசியாக, சேற்றிலிருந்து எழும்பி மிதந்து வந்திருந்த லோரியும் இறங்கியது. பேண்டுக்காரர்கள் கித்தாரை மடியில் வைத்தபடி அதில் உட்கார்ந்திருந்தார்கள்.

அதன்பிறகு தராசுகள் தொழிற்சாலைக்கே திரும்பின. கம்போங் ராஜா ஊரிலிருந்து பாட்டுக் கேட்க வருகிறவர்கள் கைக்குழந்தைகளை இடுப்போடு கட்டிக்கொள்ளத் துண்டு கொண்டுவந்தார்கள். இந்த வருடம் கூட்டம் எவ்வளவு என்று துரை கேட்டால், கிராணி நிதானமாகச் சொல்வார்: "பந்தலுக்கு மேலே ரெண்டு முழம், துரை."